பூக்க விடாத பூஞ்செடி
கேமரன் மலைத் தேயிலையும் தமிழர் கைத்திறனும்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பகுத்த தமிழ்ச் சான்றோர், அந்நிலத்திற்குச் சேயோனைத் தெய்வமாகவும் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும் வகுத்துரைத்தனர். ஐப்பசி முதல் தை வரையிலான நான்கு திங்களும் அடங்கிய குளிர்காலம் அது. அக்குளிர்காலத்தில் வெண்மையாய்ப் பூத்து, ஆண்டு முழுவதும் இலை உதிராது பசுமை மாறாமல் நிற்கும் செடி ஒன்று, கடந்த இருநூறு ஆண்டுகளில் உலகின் பல மலைநிலங்களைத் தனதாக்கிக்கொண்டுள்ளது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் முதல் லெம்பா பெர்த்தாம் வரை சரிவுகளைப் போர்த்தி நிற்பதும் அச்செடியே. அதன் இலையை அறியாத இல்லம் இல்லை; மலரைக் கண்டவரோ மிகச் சிலர். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுள்ளும் அம்மலரை நின்று நோக்கியவர் பலர் இரார்.

தேயிலை, தாவரவியலார் கமேலியா என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்தது. மொரேவியாவில் பிறந்து பிலிப்பைன்சில் மருந்துச் செடிகளை ஆராய்ந்து 1706இல் மணிலாவில் மறைந்த ஜார்ஜ் யோசப் காமெல் என்ற கிறித்துவத் துறவியின் நினைவாக, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு இப்பெயரைச் சூட்டினார். இக்குலத்தில் உலகப் புகழ் பெற்றவை இரண்டு. ஒன்று சீன, சப்பானிய நாடுகளின் கமேலியா. குளிர் மிகுந்து பிற செடிகள் யாவும் ஒடுங்கிக் கிடக்கும் வேளையில், சிவப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பெரிய மலர்களைத் தருவதால் ஐரோப்பிய மாளிகைத் தோட்டங்களில் அது இடம்பெற்றது. மற்றொன்று தேயிலை. இரண்டிற்கும் தேவைகள் பெரும்பாலும் ஒன்றே: புளிப்புத் தன்மையுள்ள மண், நீர் தேங்காத வேர்ப்பகுதி, ஓரளவு நிழல், மண்ணின் மேல் சருகுப் போர்வை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரண்டுமே இலை வெளுத்து நலியும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகிய இவ்விரண்டில் மூத்தவளை மலருக்காக வளர்த்த மனிதன், இளையவளைப் பூக்க விடாமல் வளர்த்தான் என்பதே வேறுபாடு.

பூக்க விடாமல் வளர்ப்பது என்பது வேடிக்கைப் பேச்சன்று. தேயிலை வேளாண்மையின் முழு இரகசியமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. தேயிலை இயல்பில் மரம். அசாம் வகையைத் தன்போக்கில் விட்டால் முப்பது நாற்பது அடிக்கு மேல் உயர்ந்துவிடும். இலைக்காம்பின் கக்கத்தில் சிறு உருண்டை மொட்டுகள் தோன்றி, வெள்ளை இதழ்களும் நடுவே பொன்னிறக் கேசரக் கொத்துமாக மெல்லிய மணத்துடன் மலரும். வண்டும் தேனீயும் நாடி வரும். பின்னர் மும்மூலைக் காய் உண்டாகி, அது முற்றி வெடிக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். மலருக்கும் காய்க்கும் செடி செலவிடும் சத்து இலைக்குச் சேராது. எனவே பூத்துக் குலுங்கும் தேயிலையைக் கண்டு வழிப்போக்கன் மகிழ்வான். தோட்டத்தை நடத்துபவரோ முகம் சுளிப்பார். வறட்சியாலோ உரக்குறைவாலோ நலிந்த செடியும், கவாத்துக் காலம் தவறிய செடியும்தான் மிகுதியாகப் பூக்கும். ஆளில்லாமல் கைவிடப்பட்ட தோட்டத்திற்கு முதல் அடையாளம் வெண்பூவே.

இச்செடியை ஆங்கிலேயர் தம் ஆட்சிப் பகுதிகளில் பரப்பிய கதை நீண்டது. 1823இல் அசாமில் சிங்போ மக்களிடையே காட்டுத் தேயிலை வழங்குவதை இராபர்ட் புரூசு அறிந்தார். நீலகிரியிலும் பின்னர் தேயிலை வேரூன்றியது. இலங்கையில் 1867இல் லூல்கொந்துரா தோட்டத்தில் சேம்சு டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழிக்கவே, இலங்கை மலைநாடு சில பத்தாண்டுகளுக்குள் தேயிலை நாடாயிற்று. காப்பிக்காகத் தமிழகத்திலிருந்து சென்ற மக்களே தேயிலைக்கும் கைகொடுத்தனர். பிற்காலத்தில் கேமரன் மலைக்கு வந்த தேயிலை முறைகளின் தாய்வீடு அந்த இலங்கை மலைநாடே என்பதை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கேமரன் மலையின் வரலாறு அவ்வளவு பழமையானதன்று. 1885இல் அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஒன்றும் நிகழவில்லை. 1925இல் சர் சார்ச் மேக்சுவெல் மலையேறி வந்து பார்த்த பின்னரே இதனைக் குளிர்வாசத் தலமாகவும் வேளாண் நிலமாகவும் ஆக்கும் திட்டம் உருப்பெற்றது. தானா ராத்தாவில் அரசின் பயிர்ச் சோதனை நிலையம் ஏற்பட்டது. தாப்பாவிலிருந்து மேலேறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சாலை 1930களின் தொடக்கத்தில் போக்குவரத்துக்குத் திறந்தது. அதற்குச் சற்று முன்னதாகவே, ஈயம், இரப்பர், பத்து ஆராங் நிலக்கரி எனப் பல தொழில்களில் ஈடுபட்டிருந்த சே. ஏ. இரசல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்னே என்பவருடன் சேர்ந்து 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதாரமே வீழ்ந்துகொண்டிருந்த ஆண்டு அது. 1933இல் இரசல் மறைந்தார், தோட்டம் நின்றது. அதே 1933இல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தினரின் பாரத் தேயிலை நிறுவனமும் தோன்றியது. ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே சாலையோரத்தில் சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் பள்ளத்தாக்கு அந்நிறுவனத்தினுடையதே.

இவ்வளவும் ஆவணங்களில் உள்ள பெயர்கள். காட்டை வெட்டி, சரிவில் குழி தோண்டி, செடியை நட்டவர்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கிய தமிழர்கள் அவர்கள். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலை இன்றும் முதியோர் மறந்திலர். 1922இல் இந்திய அரசு இயற்றிய குடிபெயர்வுச் சட்டம், அயல்நாடு சென்று வேளாண்மையில் ஈடுபடுவதைத் ‘திறன் வேண்டாத வேலை’ என்ற வகைக்குள் அடக்கியது. 1938இல் அத்தகைய வேலைக்கு உதவி பெற்று மலாயா செல்வதை இந்திய அரசு தடுத்தபோதும் அதே சொல்லே ஆளப்பட்டது. தடுத்ததன் நோக்கம் நல்லது. கூலிக் குறைப்பை எதிர்த்தே அது செய்யப்பட்டது. ஆயினும் அந்தச் சொல் பொருந்துமா என்பதைத் தேயிலை நிரைக்குள் நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முதலில் நாற்று. பழங்காலத்தில் விதையிலிருந்தே தேயிலை வளர்க்கப்பட்டது. விதையைத் தண்ணீரில் இட்டு, மூழ்குவதை எடுத்துக்கொண்டு மிதப்பதைத் தள்ளிவிடுவர். தேயிலை மலர் தன் மகரந்தத்தால் எளிதில் கருவுறாது. வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஆதலால் விதைநாற்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணமாய் இருக்கும். ஒன்று விரைந்து தளிர்க்கும், ஒன்று சோம்பும், ஒன்று பூச்சிக்கு இரையாகும். இக்குறையை நீக்க, நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஓரங்குலத்துக்கு மேற்பட்ட தண்டும் கொண்ட துண்டை வெட்டி, சிறு பைகளில் மண்ணிட்டு ஊன்றும் முறை பின்னர் வந்தது. வெட்டுக்கத்தியின் கூர்மை, துண்டு வாடுமுன் நீரில் இடும் விரைவு, பந்தல் நிழலின் அளவு, ஈரம் மிகாமலும் காயாமலும் பார்த்தல் ஆகிய அனைத்தும் கைப்பழக்கத்தால் வருவன. பெரும்பாலும் பெண்களே நாற்றங்காலில் இப்பணி செய்தனர். ஓராண்டு அளவில் நாற்று நடவுக்கு ஆயத்தமாகும்.

நடவுக்குப் பின் மூன்று ஆண்டுகள் வரை வருமானம் இல்லை. உயர விரும்பும் தண்டை வெட்டி, பக்கக் கிளைகளைப் பரப்பி, செடியின் தலையைத் தட்டையான மேசைபோல் ஆக்க வேண்டும். இடுப்பளவு உயரத்தில் மரகதக் கம்பளம் விரித்ததுபோல் காணப்படும் அந்த அழகு இயற்கையன்று. ஒவ்வோர் அங்குலமும் வெட்டி உண்டாக்கியது. சுற்றுலா நூல்கள் இதை இயற்கை எழில் என்று எழுதுகின்றன.

அடுத்தது கொழுந்து பறித்தல். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது எல்லாரும் அறிந்த இலக்கணம். எதைப் பறிப்பது என்பதைவிட எதை விட்டுவைப்பது என்பதே கடினம். கீழே நிற்கும் முற்றிய இலைகள் சூரிய ஒளியை உணவாக்கிக் கொடுத்தால்தான் அடுத்த தளிர் வரும். அவற்றையும் சேர்த்துப் பறித்துவிட்டால் அன்றைய எடை கூடும், செடி மெலியும். மொட்டு உறங்கிப்போன கிளையின் நுனியைக் கிள்ளி எறிந்தால், பக்கத்து மொட்டு விழிக்கும். விரலிடுக்கில் ஒடிக்க வேண்டும். உள்ளங்கையில் நசுக்கலாகாது, நசுங்கிய இலை கூடையிலேயே சூடேறிச் சிவந்துவிடும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கரை அல்லது ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எடைக்கே கூலி என்னும்போது, செடியின் நலனுக்காக இலையை விட்டுவைக்கும் விரல்களுக்குத் திறன் இல்லையென்று யார் சொல்வது?

இங்கு நிலநடுக்கோட்டுக் குளிர்நிலத்தின் தனித்தன்மை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அசாம் போன்ற வடபகுதிகளில் குளிர்காலத்தில் பகற்பொழுது பதினொன்றேகால் மணி நேரத்திற்கும் கீழே குறுகும்போது தேயிலைச் செடி உறங்கிவிடும். சில திங்கள் பறிப்பில்லை. அவ்விடைவேளையில்தான் கவாத்தும் பழுது பார்த்தலும் நிகழும். கேமரன் மலையோ நான்கரைப் பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. மார்கழியிலும் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரமே. கடல்மட்டத்திற்கு மேல் 1,200 முதல் 1,600 மீட்டர் வரையிலான உயரம் குளிர்ச்சியைத் தருகிறது. பகலின் நீளமோ மாறுவதில்லை. ஆகவே செடிக்கு உறக்கமில்லை. செடிக்கு ஓய்வில்லை எனில், பறிப்பவருக்கும் ஓய்வில்லை. மழையும் காற்றும் மிகுந்த ஐப்பசி கார்த்திகையிலும் தலையில் துணியும் இடுப்பில் படுதாவும் கட்டிக்கொண்டு நிரையில் நின்றாக வேண்டும். கீழ்நாட்டு இரப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு நிற்கும். தேயிலை மலையில் அவ்வாறில்லை. இரப்பரிலிருந்து மேலேறி வந்த குடும்பங்களுக்கு இது பெரிய மாற்றமாகவே இருந்திருக்கும்.

இவை அனைத்திலும் அருமையானது கவாத்து. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, தழைத்து நிற்கும் புதரை வெறுங்குச்சிகளாக வெட்டிவிடுவர். அறியாதவர் பார்த்தால் செடியைக் கொன்றுவிட்டார்கள் என்றே எண்ணுவர். மூடத்தனமாய்ச் செய்தால் கொலையேதான். வேரில் மாவுச்சத்து சேமிப்பு இருந்தால்தான் இலையில்லாத செடி மீண்டும் துளிர்க்கும். வேரை வெட்டி அயோடின் கரைசல் தடவி, கருநீலம் ஏறினால் சேமிப்பு உண்டு என்று இன்று சோதிக்கிறார்கள். முந்தையோர் செடியின் தோற்றத்தையும் பருவத்தையும் வைத்தே கணித்தனர். நலிந்த செடியில் ஒன்றிரண்டு கிளைகளை வெட்டாது விட்டுவைப்பர். செடி மூச்சுவிட அது போதும். வெட்டு வாய் சாய்வாய் அமைய வேண்டும். மழைநீர் தங்கினால் தண்டு அழுகும். கத்தி ஒரே வீச்சில் இறங்க வேண்டும். பட்டை கிழிந்தால் பூஞ்சணம் புகும். வெட்டிய தழையை நிரையிலேயே பரப்பிவிட்டால் அதிலுள்ள சத்து மண்ணுக்கே திரும்பும். ஆண்களின் வேலையான இக்கவாத்துதான் மரமாக வேண்டிய செடியை என்றும் இளமையாகவும் பூவாததாகவும் வைத்திருக்கிறது. 1930களில் நட்ட புதர்கள் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கொழுந்து தருவதற்குத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அந்தக் கத்தியே காரணம். தந்தை வெட்டிய அதே தண்டில் மகனும் பேரனும் வெட்டியிருக்கக்கூடும்.

மண்ணைக் காப்பதிலும் இச்செடிக்கு ஒரு பங்குண்டு. நன்கு மூடிய தேயிலைப் புதர் மழைத்துளியின் வேகத்தைத் தாங்கி, வேரால் சரிவைப் பிடித்துக்கொள்கிறது. இளஞ்செடிகளுக்கு இடையே மண் திறந்து கிடக்கும் முதல் சில ஆண்டுகளே ஆபத்தானவை. அப்போது வடிகால் வெட்டுவதும் மூடுபயிர் இடுவதும் இன்றியமையாதன. காய்கறிக்காகவும் கட்டடங்களுக்காகவும் மலை திறக்கப்பட்ட இடங்களில் மண் கரைந்து பெர்த்தாம் ஆற்றில் சேர்கிறது. 1963இல் முடிவுற்ற சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கம் அம்மண்ணால் மேடிட்டு வருவதை அனைவரும் அறிவர். 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில், பெருமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட, லெம்பா பெர்த்தாமில் சேற்றுவெள்ளம் புகுந்து உயிர்ச்சேதமும் வீட்டிழப்பும் நேர்ந்தன. மேல்மலையில் மண்ணைப் பிடித்துவைக்கும் வேர் ஒவ்வொன்றுக்கும் கீழ்ப்பள்ளத்தாக்கு கடன்பட்டிருக்கிறது என்பதை அவ்விரவு உணர்த்தியது.

தேயிலை நட்ட கைகள் கோயிலும் கட்டின. காடு திருத்திய இடத்தில் முதலில் ஒரு கல்லும் சூலமும், பின்னர் தகரக்கூரை, அதன்பின் கோபுரம் என வளர்வதே மலாயாத் தோட்டக் கோயில்களின் பொதுவான வரலாறு. மாரியம்மனும் முனீசுவரரும் காவலிருக்க, மலைக்குரிய முருகனும் எழுந்தருளினான். போ, சுங்கை பாலாஸ், புளூவேலி ஆகிய தோட்டங்களின் பெயர் தாங்கிய தமிழ்ப் பள்ளிகளும் இம்மக்களின் உழைப்பில் எழுந்தவையே. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டதும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும், 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல குடும்பங்கள் தமிழகம் திரும்ப நேர்ந்ததும் தோட்டச் சமூகத்தின் மேல் விழுந்த பேரிடிகள். எஞ்சியோர் திருவிழாவை விடவில்லை.

இன்று நிலைமை வேறு. பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். அது பெற்றோர் வேண்டிப் பெற்ற வரமே. நிரையில் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் தொழிலாளர் நிற்கின்றனர். கைவிரலின் இடத்தைக் கத்தரிக்கோலும், சரிவு இடங்கொடுக்கும் பகுதிகளில் இருவர் தூக்கிச் செல்லும் இயந்திரமும் பிடித்துவிட்டன. இயந்திரம் இலையை எண்ணுவதில்லை; மேசைமட்டத்தைச் சீராக வெட்டும், அவ்வளவே. 2020இல் பெருந்தொற்றின்போது வெளிநாட்டுத் தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டதும் மலேசியத் தோட்டத்துறை முழுவதும் ஆள் இன்றித் தவித்தது. ‘திறன் வேண்டாத வேலை’க்கு ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது அப்போது தெரிந்தது.

கவாத்துக்கத்தி பிடித்த முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்த மலையில் எந்த ஆண்டு வெட்டு விழுந்தது, எந்தச் சரிவில் மண் இளகும், எந்தப் புதர் மழைக்குமுன் தளிர்க்கும் என்பன அவர்கள் நினைவில் இருக்கின்றன. எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இவ்வளவு நுணுக்கமாக இரா. திருவிழா நாளில் கோயில் மண்டபத்தில் அமரும் அவர்களிடம் இளையோர் கேட்டு எழுதி வைத்தால், ஆலய வரலாற்றின் ஏடுகளோடு அதுவும் சேரும்.

தேயிலைப்பூவைக் காண விரும்பும் அன்பர்கள் தோட்டத்தின் நடுவே தேடிப் பயனில்லை. நிரை முடியும் ஓரங்களில், பாறை இடுக்கில், வாய்க்கால் கரையில், கத்தியும் இயந்திரமும் எட்டாத மேட்டில் ஏதேனும் ஒரு புதர் தன்னிச்சையாய் உயர்ந்திருக்கும். அதன் இலைகளை விலக்கிப் பார்த்தால், தலை கவிழ்ந்த நிலையில் ஐந்தாறு வெள்ளிதழ்களுடன் ஒரு ரூபாய் நாணயத்தினும் சற்றே பெரிய மலர் இருக்கும். பக்கத்திலேயே சென்ற ஆண்டுப் பூவின் காய் முற்றி வெடிக்கக் காத்திருக்கும். இவ்வாண்டு மலரையும் சென்ற ஆண்டுக் கனியையும் ஒரே கிளையில் தாங்குவது இச்செடியின் இயல்பு.